எட்டு நகல்களும் ஓர் அக்காவின் கண்ணும்

நான் எழுதிய இரண்டு வரி நிரலால் ஒரு பெண் தன் கண்ணையே நம்பாமல் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் கதையை எனக்குச் சாதகமாகவே கொண்டுபோய்விடுவேன். அந்தத் திறமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரகடத்தில் அலுமினிய வார்ப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கார் எஞ்சினோடு சேரும் ஒரு மூடி; இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்த அளவு இருக்கும். உருக்கிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தி வார்த்து, ஓரம் வெட்டி, கழுவி, சோதித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். சோதிக்கும் இடத்தில் கேமரா வைத்து, நல்லது எது கெட்டது எது என்று கணினியே பார்த்துச் சொல்லும்படி நிரல் எழுதுவது என் பாடு. வீடு குன்றத்தூரில், மலைக்கோயிலுக்குக் கீழே வாடகைக்கு. அங்கிருந்து மணிமங்கலம், படப்பை வழியாகத் தினமும் பைக்.

கேமரா வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஓர் அக்கா. பதினொரு வருடமாக அதே மேஜை, அதே டியூப்லைட், அதே ஸ்டூல். மணிமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வண்டியின் முன்பக்கம் சின்னதாக ஒரு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். தலையில் போடும் வலைத்தொப்பிக்கு மேலேயே ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு போகிற ஆள். அவ்வளவு அவசரம் எப்போதும்.

முதல் நாள் நான் கேமராவை மாட்ட ஏணியில் ஏறி நின்றபோது, கீழே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "சார், அந்த லைட்டு நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. சாச்சு அடிக்கணும்" என்றார். நான் படித்த படிப்புக்கு இதை நானே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. விளக்கைச் சாய்த்தேன். படம் பளிச்சென்று வந்தது.

அந்த மூடியில் இரண்டு விதமான புள்ளிகள் வரும். ஒன்று, வார்க்கும்போது காற்று மாட்டிக்கொண்டதால் விழும் ஊசி ஓட்டை. அது இருந்தால் எண்ணெய் கசியும், தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்று, கழுவிய பிறகு தண்ணீர் காய்ந்த கறை. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. அக்கா எப்படிப் பிரித்தார் என்று கேட்டேன். மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை அந்தப் புள்ளியின் மேல் மெதுவாக இழுத்தார்.

"நகம் மாட்டுச்சுன்னா ஓட்டை. வழுக்கினு போச்சுன்னா கறை. ஆனா நகமெல்லாம் சும்மா தம்பி, அதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரிஞ்சிடும்."

பேச்சின் நடுவில் நான் 'சார்' என்பதிலிருந்து 'தம்பி' ஆகிவிட்டேன். உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில்தான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்ற ஒவ்வொண்ணையும் இந்த டேப்லெட் திரையில அழுத்தித் திருத்துங்க. பச்சைன்னா ஓகே, சிவப்புன்னா ரிஜெக்ட். ஒரு மாசம் சொல்லிக்கொடுத்தீங்கன்னா அது உங்கள மாதிரியே பாக்க ஆரம்பிச்சிடும்."

"என்ன மாதிரியேவா? அப்ப எனக்கு இன்னா வேலை?"

"நீங்கதான் அதுக்கு மேல. கடைசித் தீர்ப்பு உங்களுது. மேனேஜரே சொல்லியிருக்காரு."

சொல்லியிருந்தார், பொய் இல்லை. மறுநாள் அக்கா சாப்பாட்டு இடைவேளையில் தன் தோழிகளிடம், "மிசினுக்கு நான்தான் டீச்சர்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மூடிகூட விடவில்லை. டேப்பின் பச்சைப் பொத்தான் இருந்த இடம் ஒரே வாரத்தில் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போனது.

இனி நான் செய்த காரியம். கொஞ்சம் நிரல் சமாசாரம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், குற்றம் நடந்த இடம் அதுதான்.

நிரலில் 'ஆப்ஜெக்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு வேலைக்குத் தேவையான தகவல்களையும், அவற்றை வைத்துச் செய்யத் தெரிந்த செயலையும் ஒன்றாகக் கட்டி வைத்த மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் செயலுக்கு 'மெத்தட்' என்று பெயர். என் மூட்டைக்குள் கேமராவின் அளவுகள் இருந்தன, வெளிச்சக் கணக்கு இருந்தது, அக்காவின் தீர்ப்புகளும் இருந்தன. தீர்ப்புகள் என்றால் எழுதிவைத்த பட்டியல் அல்ல. டேப்பில் அக்கா அழுத்தியதை அவ்வப்போது கேட்டு வாங்கும் ஒரு நேரடி இணைப்பு. மூட்டைக்குத் தெரிந்த செயல் ஒன்றே ஒன்று: 'சோதி'. ஒரு படத்தைக் கொடுத்தால், அளவு பார்த்து, அக்கா முன்பு இப்படி ஒரு புள்ளிக்கு என்ன சொன்னார் என்று கேட்டு, பிறகு முடிவு சொல்லும். என் மேஜையில் வைத்துச் சோதித்துப் பார்த்தபோது நன்றாகவே வேலை செய்தது.

உற்பத்தி லைனில் மாட்டியதும் வேகம் போதவில்லை. ஒரு மூடிக்கு நான்கு பக்கமும் படம். ஒவ்வொரு படமாகப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு மூடிகள் வந்து வரிசையில் நின்றன. சூப்பர்வைசர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு வாட்ச்சையே பார்த்தார். மறுநாள் கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். சரி, ஒரு ஆள் பார்ப்பதை எட்டு ஆள் பார்க்கட்டும் என்று, கணினிக்குள் தனித்தனியாக ஓடும் எட்டு ப்ராசஸ்களைக் கிளப்பி, எட்டுப் பேரிடமும் அந்த 'சோதி'யைக் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. அந்த எட்டு வேலையாட்களும் எட்டுத் தனி அறையில் இருப்பவர்கள். ஒருவர் அறையில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. அவர்களிடம் ஒரு செயலைக் கொடுத்தால் அது தனியாகப் போகாது. எந்த மூட்டையின் செயலோ, அந்த மூட்டை மொத்தமும் பொட்டலம் கட்டப்பட்டு, நகலாக ஒவ்வோர் அறைக்கும் போகும். அதனால் மூட்டைக்குள் இருப்பதெல்லாம் பொட்டலம் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நேரடி இணைப்பு அப்படிப்பட்டதல்ல. வீடு மாற்றும்போது பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏற்றலாம், தெருக்குழாயை ஏற்ற முடியாது.

கணினி நியாயமாகத்தான் நடந்துகொண்டது. இதைப் பொட்டலம் கட்ட முடியாது என்று சிவப்பு எழுத்தில் சொல்லி நின்றுவிட்டது. சாயங்காலம் நான்கு மணி. சூப்பர்வைசரின் வாட்ச். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வரி எழுதினேன். முதல் வரி: பொட்டலம் கட்டும்போது அந்த இணைப்பை மட்டும் விட்டுவிடு. இரண்டாவது வரி: அங்கே போய்ப் பிரிக்கும்போது அதன் இடத்தில் ஒரு வெற்றுப் பட்டியலை வைத்துக்கொள்.

சிவப்பு எழுத்து போய்விட்டது. எட்டுப் பேரும் பறந்தார்கள். மூடிகள் தேங்காமல் ஓடின. சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். வேகம் எவ்வளவு கூடியது என்று மூன்று முறை அளந்து பார்த்தேன். முடிவுகள் சரியா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வழியில் படப்பையில் நிறுத்தி இரண்டு பரோட்டா அதிகமாகவே சாப்பிட்டேன்.

அந்த நிமிடத்திலிருந்து அக்கா அழுத்தியது எதுவும் எந்த அறைக்கும் போகவில்லை. எட்டுப் பேரும் அக்கா இதற்கு என்ன சொன்னார் என்று கேட்பார்கள், வெற்றுப் பட்டியலைப் பார்ப்பார்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று தங்கள் இஷ்டத்துக்கு முடிவு சொல்வார்கள். அக்கா அழுத்திக்கொண்டே இருந்தார். டேப் எல்லாவற்றையும் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் போனது. கணினி கறையை ஓட்டை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே கறை, ஒரே இடம். அக்கா பச்சையை அழுத்துவார், அடுத்த மூடிக்கும் அதையே சொல்லும்.

"இன்னா தம்பி, இது மண்டையில ஏறவே மாட்டேங்குது?" என்று இரண்டு முறை கேட்டார். "நான் சரியாத்தான் அழுத்துறேனா?"

"அழுத்துங்கக்கா, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் லைனுக்குப் பக்கத்தில் பலகை முன்னால் எல்லோரும் பத்து நிமிடம் நின்று பேசுவது வழக்கம். அன்று தர மேலாளர் என்னைப் பார்த்து, "மூணு வாரமா டீச் பண்றாங்க. மெஷினுக்கும் அவங்களுக்கும் ஒத்துப்போகவே இல்லியே. ப்ராப்ளம் எங்க?" என்று கேட்டார்.

என்னிடம் ஒரு வரைபடம் இருந்தது; எந்த நாள் யார் எத்தனை புள்ளியைக் கறை என்று விட்டார்கள் என்ற கணக்கு. அதில் கணினியின் கோடு நேராகப் போனது. அக்காவின் கோடு மேலும் கீழும் போனது. கழுவும் தண்ணீர் தினமும் ஒரே மாதிரி இருக்காது; சில நாள் கறை அதிகம், சில நாள் குறைவு. அவர் கோடு ஏறி இறங்கியதற்கு அதுதான் காரணம். உண்மையைப் பார்ப்பவரின் கோடு அப்படித்தான் போகும். எனக்கு அது தோன்றவில்லை. என் நிரலில் தப்பு இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. வாயைத் திறந்தேன்.

"மெஷின் எப்பவும் ஒரே மாதிரி பாக்குது சார். அக்காதான் ஒரு நாள் ஒரு மாதிரி அழுத்துறாங்க போல. கவனிச்சு அழுத்துறாங்களான்னு தெரியல."

முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். அக்கா எனக்கு நேர் எதிரில். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். 'மிசினுக்கு டீச்சர்' என்று ஒரு குரல். மேலாளர் சிரிக்கவில்லை, அவர் நல்ல மனிதர். "கண் டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தீங்கம்மா?" என்று அக்காவிடம் மரியாதையாகவே கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி. மூடிகளைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பவர்கள்மீது சந்தேகம் வந்தால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு பரீட்சை வைப்பார்கள். நல்லதும் கெட்டதுமாகக் கொஞ்சம் மூடிகளை எடுத்து, பின்பக்கம் எண் போட்டு, கலைத்துக் கலைத்து மூன்று முறை ஒரே ஆளிடம் கொடுப்பார்கள். மூன்று முறையும் ஒன்றுக்கு ஒரே பதில் வர வேண்டும். அக்கா இதற்கு முன் பலமுறை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வது போலச் சரியாகச் சொன்னவர். இந்த முறை நானும் மேலாளரும் பக்கத்தில் நின்றோம். அக்கா ஒரு மூடியை நகத்தால் மூன்று முறை, நான்கு முறை இழுத்தார். முதலில் ஓட்டை என்ற ஒன்றை மூன்றாவது சுற்றில் கறை என்றார். இன்னொன்றில் அதையே தலைகீழாக.

நான் தாளில் இரண்டு பெருக்கல் குறி போட்டேன். சிவப்புப் பேனா. நீலப் பேனாவும் பையில் இருந்தது.

அடுத்த வாரம் முதலுதவி அறையில் கண் பரிசோதனை. கடைசி வரியின் பொடி எழுத்து வரை தடையில்லாமல் படித்தாராம். நிறம் பிரித்தறியும் சோதனைப் புத்தகமும் சரி. சான்றிதழோடு வந்தவர் என் மேஜைக்கு அருகில் நின்றார்.

"கண்ணு நல்லாத்தான் கீதாம் சார். அப்ப கண்ணுக்குப் பின்னாடிதான் இன்னாவோ கோளாறு."

தம்பி போய் மறுபடி சார் வந்துவிட்டது. நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில்லாதது நல்லதுதான்.

புரட்டாசி மழை தொடங்கிய நாட்கள். ஒரு காலை மணிமங்கலத்தைத் தாண்டும்போது பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தார். கம்பெனி பஸ்ஸுக்காக. வண்டி ரிப்பேரா என்று நிறுத்திக் கேட்டேன்.

"வண்டி வூட்டுல கீது சார். எதுர வர்ற லாரி கிட்டக்க வருதா தூரத்துல வருதான்னு சந்தேகமாவே கீது. நாம பாக்கறது சரியில்லன்னு ஆயிடிச்சு, எதுக்கு வம்பு? ரெண்டு பொண்ணுங்க கீது எனக்கு."

ஏறுங்க அக்கா, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அந்த வாரமே தன்னைப் பேக்கிங்குக்கு மாற்றும்படி தானே எழுதிக் கொடுத்தார். யாரும் அனுப்பவில்லை, அவராகவே போனார் என்று நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஊரில் எந்தப் பண்டிகையை விட்டாலும் எங்கள் பக்கத்தில் இதை விட மாட்டார்கள். எல்லா எந்திரத்தையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வார்ப்பு எந்திரத்தின் கதவில் வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுப்பார்கள். பூஜை போட்டால் போட்டதுதான், மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. என் நிரல் ஓடும் கறுப்புக் கணினிக்கும் மூன்று பட்டை விபூதி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, மேலே மாலை. கேமரா கண்ணாடியில் சந்தனம் வைக்கப்போன ஒருவரை ஓடிப்போய்த் தடுத்தேன்.

அன்று பார்த்து எனக்கு ஒரு அறிக்கை பாக்கி. மனிதருக்கும் மெஷினுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு மறுநாள் அனுப்ப வேண்டும். மாலை போட்ட கணினியைத் தொட்டால் சூப்பர்வைசர் என்னைத் தொலைத்துவிடுவார். ஆகவே பூஜையில் வைக்காமல் பைக்குள் ஒளித்து வைத்திருந்த என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தேன். கிழட்டு லேப்டாப். அதில் எட்டுப் பேரைக் கிளப்பினால் மூச்சு முட்டி நின்றுவிடும். எனவே எட்டுப் பேர் வேண்டாம், பொட்டலம் வேண்டாம், ஒரே ஆள் ஒவ்வொரு படமாகப் பார்க்கட்டும் என்று மாற்றிவிட்டு, பொரியைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. கணினியின் கோடும் அக்காவின் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

தப்பான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே. ஒரே நிரல், அதே படங்கள், அதே தீர்ப்புகள். வித்தியாசம் எட்டுப் பேர் இல்லாதது மட்டும். எட்டுப் பேர் இல்லையென்றால் பொட்டலம் இல்லை. பொட்டலம் இல்லையென்றால்... அந்த இரண்டு வரியைத் திறந்து பார்த்தேன். இணைப்பை விட்டுவிடு, வெற்றுப் பட்டியலை வைத்துக்கொள்.

கேன்டீனின் அந்தப் பக்கம் அக்கா தோழிகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூஜைக்கு வர மாட்டார், பொரிக்கும் சுண்டலுக்கும் வந்துவிடுவார் என்று அவரை எல்லோரும் கேலி செய்வார்கள். பத்தடி தூரம். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். லேப்டாப்பை மூடினேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் திருத்தினேன். தீர்ப்புகளை முதலிலேயே சாதாரணப் பட்டியலாக எடுத்து மூட்டையில் வைத்துவிட்டால் அதுவும் பொட்டலத்தோடு போய்விடும். கால் மணி நேர வேலை. அன்று மத்தியானத்திலிருந்து எட்டுப் பேரும் அக்காவைப் போலவே பார்க்க ஆரம்பித்தார்கள். கறையைக் கறை என்றார்கள், ஓட்டையை ஓட்டை என்றார்கள்.

"எப்படிப்பா?" என்றார் மேலாளர்.

"ஒரு சின்ன செட்டிங் இஷ்யூ சார். சரி பண்ணிட்டேன்."

பூசி மெழுகுவதற்கு நான்கு வார்த்தை போதுமாயிருந்தது. அடுத்த வாரக் காலைக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டச் சொன்னார்கள். ஒரு இனிப்புப் பெட்டி, அறிவிப்புப் பலகையில் என் புகைப்படம். பேக்கிங் ஆட்கள் பின்வரிசையில் நின்றார்கள். அக்காவும் தட்டினார். அவர் தட்டியதுதான் எனக்குத் தனியாகக் கேட்டது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்று வேண்டாம், மேலாளர் கோபமாக இருக்கிறார். நாளை, சூப்பர்வைசர் இல்லாதபோது. இந்த ஆடிட் முடியட்டும். தீபாவளி போனது. கார்த்திகை போனது. தினமும் மணிமங்கலத்தில் அந்த பஸ் நிறுத்தம் வரும்போது பைக்கின் வேகத்தைக் கூட்டுவேன். மழையில் குடையோடு நிற்பவரைக் கண்ணாடியில்கூடப் பார்க்க மாட்டேன். நிரல் எழுதியபோது செய்தது தவறு. அதைத் தவறு என்று சொல்லலாம். இந்த இரண்டரை மாதம் செய்ததற்கு வேறு பெயர்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அக்கா ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மேஜைக்கும் வந்தார்.

"எடுத்துக்கோங்க சார். வூட்டுல செஞ்சது. முந்திரி பொண்ணுதான் பொறுக்கிப் போட்டா. எனக்கு இப்பல்லாம் பூச்சி அரிச்சது எது, நல்லது எதுன்னு பாக்க பயமா கீது."

கேக்கைக் கையில் வாங்கிவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. எழுந்து அவர் பின்னாலேயே பேக்கிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்ஜெக்ட், பொட்டலம் எல்லாம் எதற்கு? "நீங்க அழுத்தினது எதுவும் மெஷினுக்குப் போகவே இல்லக்கா. போற வழியை நான்தான் அடைச்சிட்டேன். உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க சொன்னதெல்லாம் சரி. இப்ப அது நல்லா ஓடுதுன்னா, நீங்க அழுத்தினதை வெச்சுத்தான் ஓடுது."

அக்கா பெட்டி ஒட்டும் நாடா உருளையைக் கீழே வைத்தார். "நான் அழுத்தினது எல்லாம் கீதா?"

"எல்லாம் இருக்கு."

"எப்பத் தெரிஞ்சிச்சு உங்களுக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஆயுத பூஜை அன்னைக்கு."

விரல் விட்டு எண்ணினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூன்று விரல். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மூணு மாசமும் நான் சர்ச்சுல முட்டி போட்டு, என் புத்தி ஏன் இப்படி ஆச்சுன்னு அழுதுகினு இருந்தேன் சார்" என்றார். "என்கிட்ட தனியா சொல்லி இன்னா பிரயோஜனம்? அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க."

சொன்னேன். திங்கட்கிழமை, அதே பலகை முன்னால், அக்காவையும் முன்வரிசைக்கு வரச் சொல்லிவிட்டு. தப்பு என் நிரலில், அக்கா பார்த்ததில் இல்லை, தெரிந்த பிறகும் நான் மறைத்தேன். மூன்று வாக்கியம். மேலாளர், "இப்படி ஓப்பனா ஒத்துக்கிறது பெரிய விஷயம். எல்லாரும் இவரப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். மறுபடியும் எனக்குக் கைதட்டல். அடுத்து ஹெல்மெட் போடாமல் வருபவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அவமானத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைத்தது, "நீங்க மறுபடியும் டேபிளுக்கு வர்றீங்களாம்மா?" என்ற ஒரு கேள்வி. சோதனை மேஜையில் ஷிஃப்ட்டுக்கு ஒருவர் உட்கார இடம் இன்னும் இருந்தது.

"வேணாம் சார். இங்கயே இருந்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு மாசி வரை அவரிடம் நான் அதிகம் பேசவில்லை. கூச்சம். ஒவ்வொரு காலையும் ஷிஃப்ட் தொடங்கும்போது கணினி அந்த மூட்டையை எட்டுப் பொட்டலம் கட்டுவதைத் திரையில் பார்ப்பேன். எட்டிலும் அக்காவின் கண் இருக்கும். ஒன்பதாவது கண் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்.

சென்ற வாரம் அவரே வந்தார். கையில் ஒரு மூடி. பேக்கிங்கில் பெட்டிக்குள் வைக்கும்போது எடுத்ததாம்.

"சார், இது கிராக்கா, கறையா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே மயிரிழைபோல ஒரு விரிசல். எனக்கே தெரிந்தது. இப்படிப்பட்ட விரிசலை அக்கா டேப்பில் அழுத்தியிருக்கவில்லை, அவர் மேஜையில் இருந்த நாட்களில் அது வரவில்லை. அதனால் என் எட்டுப் பேரும் இதை நல்லது என்று விட்டிருந்தார்கள். ஓடுகிற லைனில், பெட்டிக்குள் வைக்கும் அந்த அரை நொடியில் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க சொல்லுங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார். நகம் மாட்டி நின்றது. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். நகத்தை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மிசினு ஓகேன்னு சொல்லிக்கீதே சார்" என்றார்.